கிரியாகிக்குப் போய்ச்சேராத எண்ணெய்

எங்கள் சின்னத் தீவில் ஸ்கேவோஸ் பிறந்தபோது அழவில்லை. மருத்துவச்சி துணியை இழுத்து மூடப்போன நேரத்தில், அவன் தாய் குகைக்கோயில் புனித கிரியாகிக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள்: பிள்ளை பிழைத்தால், அவன் மூச்சு இருக்கும்வரை வருடா வருடம் திருநாளன்று எங்கள் தோப்பு ஆலிவ் எண்ணெயில் உன் விளக்கு எரியும். பிள்ளை வீறிட்டது. வாக்குக் கொடுத்தவள் என்றோ போய்ச்சேர்ந்துவிட்டாள். வாக்கு மகன் தலையில் விழுந்தது.

போன வருடத்துக்கு முன்பு, அறுபத்திரண்டு வருடங்களில் ஒருமுறையும் தவறவில்லை. அவன் பிழைப்பும் அந்தக் குகையை வைத்துத்தான். பெரிய தீவுகளின் கூட்டம் பிடிக்காத பயணிகளைக் காலையில் படகில் ஏற்றி, கடலுக்குள் சரிந்து கிடக்கும் பழைய மதில், கடல்நாய் படுக்கும் பாறை, கடைசியாகக் குகைக்கோயில் என்று காட்டி, மாலைக்குள் இறக்கிவிடுவான். குகைவாய் தாழ்வு. சின்னத் துடுப்புப் படகில் தலையைக் குனிந்துதான் நுழையவேண்டும். அவன் தோள்பட்டை போன பிறகு துடுப்பு மனைவி மரிகோவின் கைக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் அவனைவிட அவள் நன்றாகவே வலிப்பாள். அவன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

போன வருடத் திருநாளில் துளிக் காற்று இல்லை. கடல் கண்ணாடியாகக் கிடந்தது. ஆனாலும் குகைக்கு வெளியே நங்கூரம் போட்ட படகு மெதுவாக எழுந்து மெதுவாக அமர்ந்தது. எங்கோ தொலைவில் அடித்த காற்று அனுப்பும் இந்த அலையை எங்கள் ஊரில் ஊமைக்கடல் என்போம். இரைகிற கடலை நம்பலாம், இதை நம்பக்கூடாது.

"யோவ், இது ஊமைக்கடல். தெரியுதா, இல்ல தோளோட கண்ணும் போச்சா?" என்றாள் மரிகோ.

"தெரியுதுடி. விட்டு விட்டுத்தான் தூக்குது. பத்து நிமிஷ வேலை."

"நாளைக்கு ஏத்தினா உன் கிரியாகி கோவிச்சுக்குவாளா?"

"திருநாள் இன்னிக்குத்தானே? என் மூச்சை வெச்சு அம்மா குடுத்த வாக்கு."

"உன் மூச்சுக்கு என் முதுகு ஒடியணும்," என்றபடி எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு துடுப்புப் படகில் இறங்கினாள். தெசலோனிக்கி நகரத்திலிருந்து வந்திருந்த வயதான ஆசிரியத் தம்பதியும் கோயில் சுவரோவியம் பார்க்கும் ஆசையில் கூட இறங்கினார்கள். ஸ்கேவோஸ் அவர்களைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

அவர்கள் உள்ளே போய் ஐந்து நிமிடம் இருக்கும். தண்ணீர் எழுந்து மேற்பாறையைத் தொட்டது. குகைவாய் மூடித் திறந்தது. அடுத்த அலை அதைவிடப் பெரிதாக வந்து வாயிலிலேயே நுரையாக உடைந்தது. ஸ்கேவோஸ் படகின் விளிம்புக்கு ஓடினான். "மரிகோ!" என்று கத்தினான். பாறைதான் பதில் சொன்னது.

பிறகு குகைக்குள்ளிருந்து எண்ணெய் மிதந்து வந்தது. அவர்கள் தோப்பு எண்ணெயின் வாசனையை அவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? பாட்டில் உடைந்தது, படகு உடைந்தது, அவள் போய்விட்டாள் என்றே முடிவு செய்தான். என் மூச்சுக்காக அவளைக் கொன்றுவிட்டேனே என்று மண்டியிட்டு அழுதான்.

ஆனால் எண்ணெய் பரவிய இடத்தில் நுரை கொஞ்சம் அடங்கியிருந்தது. அதன் நடுவே துடுப்புப் படகின் மூக்கு தெரிந்தது. தம்பதி படகின் அடித்தட்டில் ஒட்டிப் படுத்திருந்தார்கள். மரிகோ நெற்றியில் ரத்தம் வழிய வலித்துக்கொண்டிருந்தாள்.

மேலே ஏறியதும் காலிப் பாட்டிலை அவன் காலடியில் போட்டாள்.

"விளக்கு?" என்றான். அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டான், மடையன்.

"அலை அடங்கட்டும்னு மொத்தமும் கடல்ல ஊத்திட்டேன். அவ ஒரு வருஷம் இருட்டுல இருக்கட்டும்."

எண்ணெய்தான் காப்பாற்றியதா, இரண்டு அலைகளுக்கு இடையே வழி கிடைத்ததா, எனக்குத் தெரியாது. இந்த வருடத் திருநாளுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. காற்று இல்லை. துறையில் கட்டிய படகுகள் மெதுவாக எழுந்து அமர்கின்றன. கேலி பேசிய மரிகோ போன வாரமே பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டாள். மதியத் தூக்கத்தில் ஸ்கேவோஸின் குறட்டை கொஞ்சம் நின்றால் போதும், கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறாள்.