ஏழாம் மாதத்தில் வந்தவள்

போன புதன்கிழமை பிள்ளைகள் கிளினிக்குக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு சுகந்திக்குத் துணையாக.

சுகந்தியின் மகள் தேனுவுக்குப் பதினாறு மாதம். தவழ்வாள், சிரிப்பாள், என் கண்ணாடியைப் பறிப்பாள். ஆனால் எழுந்து நிற்கமாட்டாள்.

டொக்டர் பிள்ளையின் கார்டைப் புரட்டினார். "பிள்ளை தங்க ஏதும் சிகிச்சை எடுத்தீங்களா?"

சுகந்தி தலை குனிந்தாள். அவள் கணவன் தவம்தான் வாய் திறந்தான்.

"ஓம் டொக்டர். டெஸ்ட் டியூப். கொழும்பில செய்தது."

சுவர் ஒட்டிய வீட்டில் இருக்கிறேன்... எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்!

சுனாமி அவர்களுடைய இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோனது. ஊருக்கே தெரிந்த துயரம் அது. ஆனால் இரண்டே போதும் என்று அதற்கு முன்பே அவள் கருத்தடை ஒப்பரேஷன் செய்திருந்தது யாருக்குத் தெரியும்? பிறகுதான் கொழும்புப் பயணங்கள். சண்டைக் காலம். சோதனைச்சாவடிகளில் கேட்டாலும், நாங்கள் கேட்டாலும் ஒரே பதில்தான் — "கண் காட்டப் போறம்."

மூன்றாவது தடவைதான் கரு தங்கியது. சண்டை ஓய்ந்த கையோடு, ஏழாம் மாதத்திலேயே தேனு பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டியில் பல வாரம். பிறகு தாயின் நெஞ்சுச் சூட்டில். அவள் களைத்தால் தவத்தின் நெஞ்சில். வாவியில் வலை வீசுகிறவன், அத்தனை நாளும் தோணியைத் தொடவில்லை.

"கொழும்பில போட்ட ஊசியாலதான் புள்ளைக்கு இப்பிடியா டொக்டர்? நான்தான் கெடுத்தனா?" சுகந்தியின் குரல் உடைந்தது.

"அப்பிடிச் சொல்ல ஏலாது அம்மா. நல்லா முந்திப் பிறந்திட்டா. அதுதான் பெரிய விசயம். வயசிலயும் ரெண்டு மாதம் கழிச்சுத்தான் பார்க்கோணும். இடது கால் கொஞ்சம் இறுக்கமா இரிக்கி. பயிற்சி குடுப்பம்."

"நடப்பாளா?"

டொக்டர் தேனுவின் இடது காலை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தார். "நடப்பா எண்டுதான் நினைக்கிறன். பிந்தலாம்."

சுகந்தி இத்தனை நாளும் பயந்தது எதற்கு? சிகிச்சைக்கா? இல்லை — எங்கள் வாய்க்கு. பிள்ளை இல்லாவிட்டால் ஏன் இல்லை என்போம். பிறந்தால் எப்படிப் பிறந்தது என்போம். அந்த வாய்களில் என்னுடையதும் ஒன்று. அதனால்தான் ஒரு தாய் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு பதினாறு மாதம் தனியாகக் கிடந்திருக்கிறாள்.

திரும்பும்போது பஸ்ஸில், பக்கத்தில் இருந்த ஏறாவூர் உம்மா ஒருவர் தேனுவின் காலைத் தடவினார். "இன்னும் நடக்கல்லியா புள்ள?"

சுகந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏழு மாசத்தில பிறந்தவ, உம்மா. டெஸ்ட் டியூப் புள்ள. பயிற்சி செய்யிறம், நடப்பா."

அந்த உம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குனிந்து, மெதுவாக, "எந்த டொக்டர்ட்ட காட்டின நீங்க? என்ட மகளுக்கும் எட்டு வருசமாப் புள்ள இல்ல..."

நாங்கள் இறங்கவேண்டிய தன்னாமுனையில் பஸ் நின்றது. தவம் எழுந்தான். சுகந்தி எழவில்லை. "இரிங்க, நான் இவவுக்குச் சொல்லி முடிக்கிறன்" என்றாள்.

ஏறாவூர் வரை போய்த் திரும்பினோம். பஸ்தானே... இன்னொன்று வரும்!