வேன் ஆயாவும் சினேகாவின் சுருட்டை முடியும்

ஆராயிக்குப் பயம் கூடவே பிறந்தது. போன் அடித்தால் யார் செத்தார்களோ என்றுதான் எடுப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வேன் டிரைவர் அருள்ராஜ் கிண்டல் பண்ணுவான். ஆனால் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற பி.டி. மாஸ்டரைக் கண்டு அவள் பயந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த மனுஷன் கையில் கத்தரிக்கோல் இருந்தது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வேங்கிக்கால் பக்கத்துத் தனியார் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேனில் அவளுக்கு ஆறு வருஷமாக ஆயா வேலை. அதில் வரும் நாலாம் வகுப்பு சினேகாவுக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. உள்ளே போன சீப்பு லேசில் திரும்பி வராது. படிய வாரி இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டிய ரிப்பன் என்பது பள்ளியின் சட்டம். அவள் தலையோ அரை மணி நேரத்தில் பின்னலை மீறிச் சிலிர்த்துக்கொள்ளும். "காடு மாதிரி வந்து நிக்கற. இன்னொரு தடவ இப்படி வந்தா பிரேயர்ல எல்லார் முன்னாடியும் வெட்டிடுவேன்" என்று மாஸ்டர் ஒருநாள் சொல்லிவிட்டார். சும்மா மிரட்டுகிற ஆளில்லை. அதற்கு முந்தின வாரம்தான் இரண்டு பையன்களை மைதானத்தில் நிற்கவைத்து முடியைக் கன்னாபின்னாவென்று வெட்டியிருந்தார்.

ஆராயி ஒரு வழி கண்டுபிடித்தாள். பள்ளி வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் பாட்டில் தண்ணீரைச் சினேகா தலையில் ஊற்றி, எண்ணெயை அப்பி, இழுத்துப் பின்னிவிடுவாள். ஈரம் காய்வதற்குள் வாசலைத் தாண்டிவிட வேண்டும். "ஆடாதடி, ஆடாதடி" என்பாள். ஆடியது பிள்ளை இல்லை, இவள் விரல்தான். மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை தரம் பிரிக்கும் சினேகாவின் அம்மா அருணாதேவியிடம் சொல்லவும் பயம். அவள் சண்டைக்கு வருவாள், தன் வேலை போய்விடும்.

பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்துக்காகப் போலீஸார் வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். ஆராயி வழக்கம்போல நனைத்துப் பின்னி முடித்த பிறகுதான் வேன் மாட்டிக்கொண்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. தலை காய்ந்து ஒவ்வொரு சுருளாக எழுந்தது. பாட்டிலும் காலி.

"அருள்ராஜு, பெல் அடிக்கறதுக்குள்ள போயிடுவோமாப்பா?"

"கூட்டத்தப் பாத்துட்டு கேக்கறியே ஆயா. அண்ணாமலையாரே வந்து ஓட்டினாதான் உண்டு."

தண்ணீர் வாங்க இறங்கி ஓடினாள். மூன்றாவது கடையில்தான் கிடைத்தது. திரும்பி வந்தபோது வேனுக்குள் பிள்ளைகள் எல்லாரும் கடைசி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சினேகாவின் மடியில் ரிப்பனோடு ஒரு பின்னல் கிடந்தது. காகிதம் வெட்டுகிற சின்னக் கத்தரியால் இன்னொன்றையும் பாதி அறுத்திருந்தாள்.

"அய்யோ, ஏண்டி இப்படிப் பண்ண?"

"சாருக்கு இனிமே வெட்ட ஒண்ணும் இல்ல ஆயா. உன் கை நடுங்காது இல்ல?"

ஆராயி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் மிரட்டியது ஒரே ஒரு நாள். தினம் தினம் அந்த முடி ஒரு குற்றம் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது தன் விரல்கள்தான். 

வேன் ஒருவழியாக வாசலுக்கு வந்தது. மாஸ்டர் சினேகாவின் வெட்டுப்பட்ட தலையைப் பார்த்துச் சிரித்தார். "இப்பதான் மனுஷி மாதிரி இருக்க. போ உள்ள."

ஆராயி அவளை உள்ளே போக விடவில்லை. அங்கேயே நின்று போனை எடுத்தாள்.

"அருணா, உடனே கெளம்பி வாம்மா. கொழந்தைக்கு ஒண்ணும் ஆவல. ஆனா முடிய வெட்டுவேன்னு சார் மெரட்டி வெச்சாரு, பயத்துல அதுவே வெட்டிக்கிச்சு. இத்தினி நாளா உங்கிட்ட மறைச்சுட்டேன், தப்பு என்னுது. நீ வா, கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கலாம். நான் வந்து சாட்சி சொல்றேன்."

சினேகா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "மெதுவா பேசு ஆயா. சார் கேக்கறாரு."

"கேக்கட்டும்" என்றாள் ஆராயி. பயம் போகவில்லை. ஆனாலும் சத்தமாகத்தான் சொன்னாள்.