அத்தை கண் இமைக்காத நாள்

எங்கள் அத்தை எந்தப் போட்டோவிலும் கண்ணைத் திறந்திருந்ததில்லை. அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பத்தில், தாவணி போட்டுக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நிற்கிறாள், கண் மூடியிருக்கிறது. கல்லூரியில் எடுத்த குரூப் போட்டோவில் முப்பது பெண்கள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவள் ஒருத்தி மட்டும் சாமி கும்பிடுவதுபோல் இருக்கிறாள். வாக்காளர் அட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிளாஷ் அடிக்கப்போகிறது என்பது அவள் இமைகளுக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அதனால்தான் மாயவரத்து வரன் வீட்டார் போட்டோ கேட்டபோது வீட்டில் கொஞ்சம் கலவரம் ஆனது. மாப்பிள்ளை பேங்கில் இருந்தார். சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகர், "பொண்ணு கண்ணத் தொறந்திருக்குற மாதிரி ஒண்ணு இருந்தாக் குடுங்க" என்று ரொம்ப மரியாதையாகவே கேட்டார்.

அப்பா காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தார். எங்கள் ஊரான பூவத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் இருந்தது. அப்பாவைப் பெற்றவர்கள் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டதால், தங்கையைப் படிக்கவைத்ததும் கல்யாணப் பேச்சைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். "இருக்கறதுலயே நல்ல ஸ்டுடியோவாப் பாத்து எடுத்துடுவோம்" என்றார். கல்யாணம் என்ற சொல் காதில் விழுந்தாலே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிற அத்தை, அன்றைக்கு மட்டும் எழுந்து போகவில்லை. "நல்லா லைட்டு வச்சு எடுக்குற எடமாப் பாருங்கண்ணே" என்றாள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெண்ணுக்கு மனசு மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அத்தை செய்த ஏற்பாடுகளைப் பார்த்து எனக்கு வாய் பிளந்துவிட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. போட்டோ என்றால் போய் நிற்பதும், ஆடாதே என்று யாராவது அதட்டுவதும்தான் என்று நினைத்திருந்தேன். அதற்கு ஒரு பரீட்சைக்குப் படிப்பதுபோலத் தயாராக வேண்டும் என்பது அத்தையிடம்தான் தெரிந்தது. மஞ்சள் தேய்த்துக் குளிப்பதை நிறுத்தினாள். வெளிச்சம் பட்டால் முகம் மாம்பழம் மாதிரி தெரியுமாம். வெயிலில் இறங்கினால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டாள். விடிந்ததிலிருந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். தலைக்கு எண்ணெய் வைக்க வந்த அம்மாவின் கையைப் பிடித்து, "வேணாம் அண்ணி, பளபளன்னு அடிக்கும்" என்று தடுத்தாள். காரைக்கால் கோவில்பத்தில் இருந்த அவளுடைய கல்லூரித் தோழி இதையெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்தத் தோழிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. அப்பா அலுவலகம் போனதும், அம்மா வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, அத்தை அறைக் கதவைச் சாத்துவாள். பீரோக் கண்ணாடிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு முதுகை நிமிர்த்தி உட்காருவாள். நான் அப்பாவின் பெரிய டார்ச் லைட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் எதிர்பார்க்காத சமயத்தில் சட்டென்று முகத்தில் அடிக்க வேண்டும்.

முதல் நாள் அடித்தவுடனே கண் மூடிக்கொண்டது. கண்ணீர்கூட வந்துவிட்டது. "இன்னொரு தடவை அடிடி" என்றாள். மறுபடியும் மூடிக்கொண்டது.

"வலிக்குதா அத்தை?"

"வலிச்சா என்ன? நீ அடி."

அந்தக் குரலில் விளையாட்டே இல்லை. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாரம் கழித்து ஒரு பகலில், வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தும் அவள் இமைகள் அசையவில்லை. கறுப்புக் கண்மணி சுருங்கியதைக்கூட நான் பார்த்தேன். அவள் டார்ச்சைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல் இருந்தாள். வீட்டில் தினமும் பாத்திரம் கழுவுகிறவளுக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன்.

இமை அடங்கியதும் சிரிப்பு. பென்சிலைக் குறுக்காகப் பல்லில் கடித்துக்கொண்டு, உதடு தொடாமல் சிரித்துப் பழகினாள். எவ்வளவு பல் தெரிந்தால் அழகு, எவ்வளவு தெரிந்தால் பயம் என்று என்னிடம்தான் கேட்டாள். நானும் பெரிய அதிகாரிபோல், "கொஞ்சம் கொறைங்க, இன்னும் கொஞ்சம், ஆங், அப்படியே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணப் பெண்ணின் போட்டோவுக்குப் பல் எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

போட்டோ எடுக்கும் நாள் வந்தது. அம்மா தன்னுடைய அரக்கு நிறப் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டாள். பட்டில் தூசி படாமலிருக்க மேலே ஒரு பழைய பெட்ஷீட்டைச் சுற்றி, முகத்தில் ஈரக் கைக்குட்டையைக் கட்டி, அத்தையை அப்பாவின் ஸ்கூட்டரின் பின் சீட்டில் உட்காரவைத்தாள். நான் முன்னால் நின்றுகொண்டேன். சாலையில் எதிரே வந்தவர்கள், ஏதோ நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார் என்று நினைத்து அப்பாவுக்கு வழிவிட்டார்கள்.

அப்பா எங்களை ஸ்டுடியோவில் இறக்கிவிட்டு, "மத்தியானம் வந்து அழைச்சிக்கிறேன்" என்று அலுவலகம் போய்விட்டார்.

அந்த ஸ்டுடியோவை நான் இன்றுவரை மறக்கவில்லை. முன்னறையில் ஏ.சி. பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே போனால் ஜன்னலே இல்லாத பெரிய அறை. வீட்டுக்குள் யாராவது குடை பிடிப்பார்களா? அங்கே இரண்டு வெள்ளைக் குடைகள் கால் முளைத்து நின்றன. போட்டோக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினால் குடைக்குள்ளிருந்து மின்னல் அடித்தது. இடி மட்டும் இல்லை. பின்னால் ஒரு சுருள் திரையில் அருவி கொட்டியது. இன்னொன்றில் பனிமலை. போட்டோக்காரர் கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். வருகிற பெண்களுக்குத் தலை வாரி ஊக்கு குத்திவிட அவருடைய மனைவி கூடவே இருந்தார்.

அருவிக்கு முன்னால் அத்தையை உட்காரவைத்தார்கள். "லேசா இருந்தாப் போதும்மா. உதட்ட மூடிக்கங்க. தலையக் கொஞ்சம் சாச்சுக்கங்க" என்றார் போட்டோக்காரர். அத்தை சொன்னபடியெல்லாம் செய்தாள். மின்னல் அடித்தது. கண் திறந்தே இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் உடனே படம் வந்ததைப் பார்த்து நான் கைதட்டிவிட்டேன்.

வேலை முடிந்தது என்று போட்டோக்காரர் விளக்கை அணைக்கப் போனார். அத்தை எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு போட்டோ எடுக்கணுங்க."

"அதே மாதிரியாம்மா?"

"இல்லீங்க. தோள் வரைக்கும் தெரியணும். பின்னாடி ஒண்ணும் இருக்கக்கூடாது, வெள்ளையா இருக்கணும். முடிய இழுத்துக் கட்டியிருக்கணும். பல்லு தெரியச் சிரிக்கணும்."

"எதுக்கும்மா?"

அத்தை ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்: "வேலைக்குங்க. ஏரோப்ளேன்ல."

எங்கள் வயலுக்கு மேலே எப்போதாவது வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போகுமே, அதிலா? அதில் ஆள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு முழுதாக நம்பிக்கையில்லாத விஷயம். அதில் எங்கள் அத்தையா?

போட்டோக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்து, "அந்த நீலக் கோட்ட எடு" என்றார்.

பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிற ஆண்களுக்காக அவர்கள் வைத்திருந்த கோட்டு அது. அத்தைக்குள் இரண்டு பேர் நுழையலாம்போல் தொளதொளவென்று இருந்தது. பட்டுப்புடவையை மாற்றி, பையில் மறைத்துக் கொண்டுவந்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் கோட்டை மாட்டிக்கொண்டாள். போட்டோக்காரர் மனைவி கொடியில் துணிக்குப் போடுகிற கிளிப்புகளை ஒரு பிடி எடுத்துவந்து, முதுகுப் பக்கம் கோட்டை இழுத்து இழுத்து மாட்டினார். தலைமுடியைப் பின்னி, சுருட்டி, கழுத்துக்கு மேலே கொண்டையாக்கினார். "ரெண்டு நிமிஷம் கையத் தூக்கிடாதம்மா, கிளிப்பு தெறிச்சிடும்" என்றார்.

நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் முதுகில் பச்சையும் சிவப்புமாகக் கிளிப்புகள் முள்ளம்பன்றிபோல் நின்றன. இரண்டு எட்டு நகர்ந்து முன்னால் வந்து பார்த்தேன். கோட்டு அவளுக்கென்றே தைத்ததுபோல் இருந்தது. அதன் மேலே, நிமிர்ந்த கழுத்தில், எனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் முகம். அவளிடம் பேச வேண்டுமென்றால் அனுமதி கேட்க வேண்டும்போல் இருந்தது. அத்தை சிரித்தாள். நான் சொல்லிக் கொடுத்த அதே அளவு. மின்னல் அடித்தது, மறுபடி அடித்தது. அவள் இமைக்கவே இல்லை. நான்தான் இமைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வந்தபோது அத்தை மறுபடியும் பட்டுப்புடவையில், பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டு நின்றாள். வீட்டில் அம்மா எப்படி எடுத்தார்கள் என்று என்னைக் கேட்டாள். நான் குடையைப் பற்றியும் அருவியைப் பற்றியும் சொன்னேன். மற்றதைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அதனால்தான் அது ரகசியமாக இருந்தது, வேறு காரணமில்லை.

பிரிண்ட்களைத் தானே போய் வாங்கிக்கொள்வதாக அத்தை ஸ்டுடியோவில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஆனால் அப்பா அலுவலகம் விட்டு வருகிற வழியில் அவராகவே நுழைந்து வாங்கிவந்துவிட்டார். பெரிய கவரை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா படத்தைப் பார்த்துக் கன்னத்தில் கைவைத்து, "கண்ணு பட்டுடும்" என்று பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

கொல்லையில் அத்தை அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். நான் குடத்தைப் பிடித்திருந்தேன். அப்பா வந்து நின்று சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கவரை எடுத்து நீட்டினார்.

"இது தனியாம். உன்கிட்ட குடுக்கச் சொன்னாரு."

பம்பு நின்றது. கை நனைந்திருந்ததால் அவளால் வாங்க முடியவில்லை. புடவையில் துடைக்கிறாள், துடைக்கிறாள், ஈரம் போகவில்லை. அப்பா அவசரப்படாமல் கவரை நீட்டியபடியே நின்றார்.

"பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன்."

நான் அப்பா கத்தப்போகிறார் என்று குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணு நல்லாத் தொறந்திருக்கு" என்றார் அப்பா. கவரை அவள் கையில் வைத்துவிட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அத்தை பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். குடம் நிரம்பாமலே அன்று உள்ளே போனது. சின்னக் கவர் அத்தையின் பெட்டிக்குள் போனது; நாலு படத்துக்குச் சொல்லியிருந்தும் அதில் மூன்றுதான் இருந்ததாம். மறுநாள் அவள் தபாலாபீஸ் போய்வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார். அப்பாவே உள்ளே போய்ப் போட்டோவை ஒரு கவரில் போட்டு ஒட்டிக்கொண்டுவந்து கொடுத்தார்.

சில நாளில் தரகர் திரும்பி வந்தபோது காபியைக்கூட வாங்கவில்லை. "அவங்க யோசிக்கிறாங்க. பொண்ணு கோட்டு போட்டுக்கிட்டு, பல்லு தெரியச் சிரிச்சிக்கிட்டு நிக்கிது, எங்க வேலை பாக்குதுன்னு கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்றது?" என்றார்.

"என்ன கோட்டு?" என்றாள் அம்மா.

அப்போதுதான் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்தது. தரகர் போனதும் அவள் அத்தையைத் திட்டினாள். அதைவிட அதிகமாக அப்பாவைத் திட்டினாள். "ஏங்க, ஆபீஸ்ல அத்தன காகிதத்தப் பாக்குறீங்க, எந்தப் போட்டோவக் குடுக்கறோம்னு பாக்க மாட்டீங்களா?"

"கை தவறி மாறிப்போச்சு" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. அத்தை அடுக்களை நிலையைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்து வழிந்தது. திட்டு வாங்கியதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். மாயவரத்து வரன் அதோடு போயிற்று.

மழைக்காலம் தொடங்கும்போது, நேர்முகத் தேர்வுக்குச் சென்னைக்கு வரச்சொல்லி விமானக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. அப்பாதான் அழைத்துப் போனார். பஸ்ஸில் போனால் காற்றில் முகம் வாடிவிடும் என்று ரயிலில் அழைத்துப் போனார். பறக்கிற வேலை அத்தைக்குக் கிடைக்கவில்லை; உயரம் ஒரு விரல் அளவு குறைந்ததாம். ஆனால் விமான நிலையத்திலேயே, பயணிகளின் டிக்கெட்டைப் பார்த்து அனுப்புகிற இடத்தில் வேலை கொடுத்தார்கள். வானத்தில் இல்லாமல் தரையில் என்று கேட்டு நான் இரண்டு நாள் வருத்தமாக இருந்தேன். அத்தை வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஊருக்கு வந்தபோது, அளவெடுத்துத் தைத்த நீலக் கோட்டைப் போட்டுக் காட்டினாள். முதுகைத் திருப்பி எனக்கு மட்டும் காட்டினாள். அம்மாதான் அதற்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

தரகர் வந்துபோன அன்று சாயங்காலம் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அப்பா வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாவம், எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிவிட்டாரே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

"அப்பா, பொடவ போட்டோ பெரிய கவரு. அது அம்மா பீரோவுல இருக்கு. கோட்டு போட்டோ சின்னக் கவரு. அது அத்தை பெட்டியில பூட்டி இருக்கு. அடுத்த தடவ மறக்காமப் பாத்துக் குடுங்க, என்ன?"

அப்பா துடைப்பதை நிறுத்திவிட்டு நான் சொன்னதை முழுவதும் கவனமாகக் கேட்டார்.

"சரிம்மா. இனிமே பாத்துக் குடுக்குறேன்" என்றார்.

ஒரு பெரிய மனிதருக்குப் புத்தி சொல்லிவிட்ட பெருமையோடு நான் விளையாடப் போனேன். பீரோவில் ஒன்றும் பூட்டிய பெட்டியில் ஒன்றுமாக இருந்த போட்டோக்கள் எப்படிக் கை தவறி மாறும் என்று கேட்கிற வயது எனக்கு அப்போது ஆகியிருக்கவில்லை.