ரப்பர் பூட்ஸில் வந்த ஈஸ்டர்

கிறிஸ்டா வென்ரிக் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பின்னால் உட்கார்ந்திருக்கும் ஐம்பது பிள்ளைகளையும் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு, சொந்த மகளின் வாய்க்குள் ஆறு வாரம் மிட்டாய் போகாமல் பார்த்துக்கொள்வதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

மகள் டெசாவுக்கு நாலு வயது. பிப்ரவரிக் கடைசியில் அவளுடைய ஆறு சொத்தைப் பற்களுக்கு வெள்ளி கேப் (பல்லுறை) போட்டார்கள். அந்த வயதில் குழந்தை சும்மா வாயைத் திறந்து காட்டாது என்று மயக்க மருந்து கொடுத்துத்தான் போட்டார்கள். முகமூடியை வைத்த அரை நிமிஷத்தில், அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த குழந்தையின் கை துணிபோலத் துவண்டு விழுந்தது. கிறிஸ்டாவுக்கு அது மறக்கவில்லை. டாக்டரம்மா கிளம்பும்போது கண்டித்துச் சொல்லியிருந்தாள். ஒட்டுகிற மிட்டாய் எதுவும் கூடாது. கேப் கழன்று உள்ளே இருக்கும் பல் உடைந்தால் மறுபடியும் மயக்க மருந்துதான். ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை வந்து காட்ட வேண்டும்.

சாக்லேட் ஒட்டாது, ஜெல்லிதான் ஒட்டும் என்பதெல்லாம் கிறிஸ்டாவுக்கும் தெரியும். ஆனால் ஒன்றுக்குச் சரி என்று தலையாட்டினால் பின்னாலேயே ஒன்பது வந்து நிற்கும் என்பதும் தெரியும். அதனால் மொத்தமாகவே கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் அதைச் சொன்ன இடம்தான் சரியில்லை, சர்ச்சில் மிட்டாய் செய்கிற இடம். ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமைகளில் பென்சில்வேனியாவின் அந்தப் பக்கத்துச் சர்ச்சுகளின் கீழ்த்தளத்தில் பெண்கள் கூடி, வேர்க்கடலை வெண்ணெயை முட்டையாக உருட்டி சாக்லேட்டில் முக்கி விற்பார்கள். கூரை ஒழுகினாலும் கொதிகலன் கெட்டாலும் அந்த முட்டைக் காசில்தான் சரிசெய்வார்கள். முக்குவதில் கிறிஸ்டா கைதேர்ந்தவள். அந்த வேலைக்குத் தலைமை அவள் நாத்தனார் ரோண்டா.

"அப்ப டெசாவோட ஈஸ்டர் கூடையில என்ன வைக்கப் போற, பல் தேய்க்கிற பிரஷ்ஷா?" என்று கேட்டாள் ரோண்டா. மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "நாங்கள்லாம் இதைத் தின்னுதான் வளந்தோம். கர்ட்டுக்கு ஒண்ணும் ஆகலையே."

கர்ட் கிறிஸ்டாவின் கணவன். ரோண்டாவின் தம்பி.

"உன் தம்பிக்கு முன்னால இருக்கிற மூணு பல்லும் எந்த டாக்டர் கட்டினதுன்னு அவரையே கேளு," என்றாள் கிறிஸ்டா.

இன்னும் பெரிய சிரிப்பு. ஆனாலும் தோற்றது என்னவோ தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்கு வரும்போது ரோண்டா அவள் கையில் ஒரு டஜன் முட்டையைத் திணித்து அனுப்பியிருந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின இரவு ஒரு முயல் வந்து மிட்டாய்க் கூடையை வீட்டில் ஒளித்து வைத்துவிட்டுப் போகும் என்பது அங்கே பிள்ளைகளின் நம்பிக்கை. அந்தக் கூடைக்குப் பொருள் சேர்ப்பது அதைவிடப் பெரிய பாடாக இருந்தது. கடையில் ஒரு பொம்மை வாத்தை எடுத்தால் அதன் வயிற்றுக்குள் மிட்டாய். பந்தாட்ட மட்டையை எடுத்தால் கைப்பிடிக்குள் மிட்டாய். பேருந்தில் ஏறுகிற பிள்ளைகள் வேறு, டெசாவுக்கு என்று ஆளுக்கு ஒரு பொட்டலம் நீட்டின. நன்றி சொல்லி வாங்கி, இருக்கைக்கு அடியில் தள்ளித் தள்ளி அவளுக்கு இடுப்பு வலித்தது.

கடைசியில் கூடையே வேண்டாம் என்று முடிவு செய்தாள். தவளைப் பச்சையில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கினாள். ஏப்ரலில் கொல்லையெல்லாம் சேறுதான், எப்படியும் வேண்டியதுதான். ஒரு பூட்ஸுக்குள் சோப்புக் குமிழி ஊதும் புட்டி, கைக்கு அடக்கமான டார்ச், பட்டாணி விதை. இன்னொன்றில் பூதக்கண்ணாடியும் ஒரு சின்ன பூவாளியும். கர்ட் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஈஸ்டர் மாதிரி இல்லையே. ஒரு முட்டை கூட இல்ல," என்றான்.

அந்த ஒரு சொல்தான் கிறிஸ்டாவை மறுபடி கடைக்கு விரட்டியது. அட்டைப் பெட்டியில் ஆறு முட்டை வாங்கி வந்தாள். இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பார்க்கவே அழகு. தரையில் படம் போடுகிற சாக்பீஸை முட்டை வடிவத்தில் வார்த்திருந்தார்கள். அவற்றையும் பூட்ஸுக்குள் வைத்தாள்.

ஈஸ்டர் காலையில், துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் முயல் ஒளித்து வைத்திருந்த பூட்ஸை டெசா கண்டுபிடித்துவிட்டாள். கூடை எங்கே, மிட்டாய் எங்கே என்று கேட்கவே இல்லை. எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு, இரவு உடையோடு பூட்ஸை மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி டம் டம் என்று நடந்தாள். ஆறு வாரத்தில் முதல்முறையாகக் கிறிஸ்டாவுக்கு மூச்சு சீராக வந்தது. பன்றித் தொடைக்கறியை அடுப்பில் வைக்கத் திரும்பினாள்.

கறுக் என்று ஒரு சத்தம்.

டெசாவின் வாயெல்லாம் இளஞ்சிவப்பு மாவு. கையில் பாதி முட்டை. அழாமல், யோசனையாக, நாக்கால் எதையோ துழாவித் துப்பினாள். மாவுக்கு நடுவில் வெள்ளி கேப் பளபளத்தது.

மதியம் சாப்பிட வந்த ரோண்டா விஷயத்தை முழுதாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டே, "எங்க முட்டை மெத்துனு இருக்கும்," என்றாள். கிறிஸ்டா டெசாவின் கறியைப் பொடிப்பொடியாக நறுக்கினாள். தேவைக்கும் மேலே நறுக்கினாள். செவ்வாய்க்கிழமை வரை எந்த வேலை செய்தாலும், துவண்டு விழுந்த அந்தக் கைதான் கண்ணில் நின்றது.

செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். பல் உடையவில்லை. முகமூடி வேண்டாம் என்று பத்து நிமிஷத்தில் கேப்பை ஒட்டிவிட்டாள். எதைக் கடித்தாள் என்று கேட்டபோது கிறிஸ்டா சொன்னாள். டாக்டரம்மா சிரிப்பை மறைக்க முகத்தைச் சட்டென்று சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

காரில் டெசா பூட்ஸ் காலை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

"அம்மா, அந்த முயலுக்கு மூளையே இல்ல."

"ஏன்டி?"

"சாக்பீஸை யாராவது முட்டை மாதிரி பண்ணுவாங்களா?"

கிறிஸ்டா சிக்னலில் வண்டியை நிறுத்தினாள். "பண்ண மாட்டாங்கதான்," என்றாள்.

"பூட்ஸ் நல்லா இருக்கு. அதை முயலோட தாத்தா வாங்கிக் குடுத்து அனுப்பியிருப்பார். முயலுக்கு அவ்வளவு தெரியாது."

பச்சை விளக்கு விழுந்ததும் கிறிஸ்டா வண்டியை எடுத்தாள். வீட்டுக்குப் போனதும் முயலுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று டெசா பிடிவாதம் பிடித்தாள். அவள் சொல்லச் சொல்ல கிறிஸ்டாதான் எழுதினாள். அடுத்த வருஷம் திங்கக் கூடாததையெல்லாம் முட்டை மாதிரி பண்ணாதே. தெரியாவிட்டால் எங்கம்மாவைக் கேள். அவள் பஸ் ஓட்டுகிறாள், அவளுக்கு எல்லாம் தெரியும்.

"எல்லாம்னு பெருசா எழுதும்மா," என்றாள் டெசா.

கிறிஸ்டா பெரிதாகவே எழுதினாள்.