லார்யேயின் வலது கை

தேமா துறைமுகத்துச் சரக்கு யார்டில், லாரிகள் பின்னால் வரும்போது கைகாட்டுவது லார்யேயின் வேலை. உள்ளங்கையை விரித்துத் தூக்கிப் பிடித்தால் நில். அதை அசைத்தால் வா. எவ்வளவு பெரிய வண்டியும் அவன் கைக்குப் பெட்டிப்பாம்பாக அடங்கும். அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

"என் கையப் பாத்து ஓட்டினவன் ஒரு கோழியக்கூட நசுக்கினதில்ல" என்று, புளித்த சோளமாவில் செய்த கென்கே உருண்டையைப் பிட்டுத் தின்றபடி தினமும் அளப்பான்.

அன்று அபுகாரியின் லாரி பின்னால் வந்து சரக்கு இறக்கும் மேடையை நெருங்கியதும் வலது கையைத் தூக்கி நிறுத்தினான். சுமை தூக்கும் டோட்சே லாரிக்கும் மேடைக்கும் நடுவே புகுந்து பின்கதவுக் கொக்கியை விடுவித்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்தா வாசலில் மாமனார் வந்து நிற்க வேண்டும்? மருமகனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பெரியவருக்கு இடது கையை ஆட்டினால் அந்த ஊரில் செருப்பால் அடித்த மாதிரி. இடது கை சும்மாதான் தொங்கியது, பாவி! ஆட்டியது, நில் என்று தூக்கிப் பிடித்திருந்த வலது கையை. கண்ணாடியில் அபுகாரி பார்த்தது 'வா'. வந்துவிட்டான். டோட்சேயின் கை மேடையோடு நசுங்கியது.

"நீதானே வான்னே!" என்று கதறினான் அபுகாரி.

ஓடிவந்த மேலாளர் லார்யே பக்கம் திரும்பினார். "வான்னியா லார்யே?"

"நில்லுன்னுதான் சார் காட்டினேன்."

பாதி உண்மை. முழுப் பொய்யைவிடக் கேவலம். அபுகாரியை அன்றே வேலையைவிட்டு விரட்டிவிட்டார்கள்.

அதன்பின் லார்யே கென்கேயைத் தொடவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. மாமனார் வேறு, "அத்தன வேலையிலயும் மரியாதை மறக்கலயே எம் மாப்ள!" என்று ஊரெல்லாம் மெச்சித் திரிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். டோட்சேயின் வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. பழப்பையை வாங்க இடது கையை நீட்டியவன் கூசிப்போனான்.

"மன்னிச்சுக்கண்ணே. இனிமே இடது கைதான்."

லார்யேக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"அந்தக் குருட்டுப்பய அபுகாரிய விரட்டிட்டாங்களாமே? நல்லா வேணும்ண்ணே அவனுக்கு!"

"அவன் குருடன் இல்லடா" என்றான் லார்யே. "நான் மாமனாருக்குக் கைய ஆட்டினேன். அவன் வான்னு நெனச்சுட்டான். நாளைக்கு மேலாளர்கிட்டயும் சொல்லிடறேன்."

டோட்சே அவனையே பார்த்தான். பிறகு, நீட்டியிருந்த இடது கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டான். பழப்பை லார்யேயின் வலது கையிலேயே தொங்கியது.