வரப்பில் வைத்த நாற்று முடி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரத்தநாட்டுப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த காலத்தில், வீட்டுப்பாடம் செய்யாமல் வருகிறவர்கள் அந்த வாயில் விழுந்துதான் எழுந்திருக்க வேண்டும். சரியாகப் போட்டு வந்தவர்களை அதே வாய் பக்கத்து வகுப்புக்கும் கேட்கிற மாதிரிப் பாராட்டும். இரண்டிலும் நான் கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

அறுபத்தேழு தேர்தலில் ஆட்சி மாறியிருந்தது. ஆனால் வயலில் கூலித் தகராறு ஓயவில்லை. அந்தத் தகராறில் என் மாணவி ஒருத்தியின் அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதன்பிறகு அவள் வீட்டுப்பாடம் முடித்து வரவே இல்லை. அம்மா நடவுக்குப் போய்விட, கைக்குழந்தைத் தம்பி இவள் இடுப்பில். ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"வீட்ல நான் எதுவும் எழுதுறதே இல்லியாம் டீச்சர், படிச்சது போதுமாம். நாளையிலேருந்து நடவுக்கு வந்துடுன்னு அம்மா சொல்லிட்டாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றே அவளையும் கூட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்பினேன்.

ஐப்பசி மாதம், இரண்டாம் போகமான தாளடி நடவு நடந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவள் அம்மா மகளைத்தான் முறைத்தாள். வாத்தியார் தேடி வந்தால் பிள்ளை ஏதோ வம்பு செய்துவிட்டது என்பதைத் தவிர எங்கள் ஊரில் வேறு அர்த்தம் கிடையாது. "என்ன பண்ணித் தொலைச்சுச்சு டீச்சர்?" என்று சேற்றுக் கையை ஓங்கிக்கொண்டே கரையேறினாள்.

நான் வாய் திறப்பதற்குள் இன்னொரு பெண் கைப்பிடிக் கட்டாக முடிந்த ஒரு நாற்று முடியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் வரிசையே குலவை போட்டது. நடவு நேரத்தில் வரப்பில் யார் வந்து நின்றாலும் அப்படித்தான். ஏதாவது கொடுக்காமல் நகர முடியாது.

"காசெல்லாம் எடுத்து வரல. ஒரு சேதி இருக்கு, அதத்தான் தருவேன்" என்று உரக்கச் சொன்னேன். "கணக்குல இந்தப் புள்ளதான் பள்ளிக்கூடத்துக்கே மொதல். இவ மாதிரி ஒருத்திய நான் பாத்ததில்ல."

ஓங்கிய கை இறங்கியது. "இதுவா?" என்றாள் அம்மா. அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. வரிசை இன்னொரு குலவை போட்டது, இந்தமுறை என் மாணவிக்காக.

நான் விடவில்லை. "இப்ப நீங்க எனக்குக் குடுங்க. நாளைக்கு இவ நடவுக்கு இல்ல, பள்ளிக்கூடத்துக்குத்தான் வரணும். சாயங்காலம் இவ கணக்குப் போட்டு முடிக்கிற வரைக்கும் இடுப்புல தம்பி இருக்கக் கூடாது."

"கைப்புள்ளைய நான் வச்சுக்கிறேன் டீச்சர்" என்றாள் நாற்று முடி வைத்தவள்.

அன்றிலிருந்து மகள் கணக்குப் போடும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாளாம். எழுத்து தெரியாது. ஆனாலும், "இந்தப் பக்கம் வெள்ளையா கெடக்கே, ஏன்?" என்று கேட்பாளாம். காலையில் நடவுக்குப் போகிற பெண்கள் வேறு ஆளுக்கு ஆள், "கணக்குப் போட்டியாடி?" என்று வழிமறிப்பார்களாம். பள்ளியில் விரட்ட நான் ஒருத்தி, ஊரில் பத்துப் பேர் என்று என் மாணவி என்னிடமே வந்து புலம்பினாள். எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. அவள் நல்ல மார்க் வாங்கும்போதெல்லாம் வரப்பில் போய் நின்று சொல்லிவிட்டு வருவேன்.

ஆனியில் குறுவை நடவு தொடங்கியபோது, பேப்பரில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸானவர்கள் வரிசையில் அவள் நம்பர் வந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு மறுபடி வரப்புக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நாற்று முடியோடு கரையேறினாள். இந்தமுறை முன்யோசனையோடு பர்ஸ் கொண்டு போயிருந்தேன். அதைத் திறந்தேன்.

அவள் என்னைத் தாண்டிப் போய், மகளின் காலடியில் முடியை வைத்தாள்.

"என்னம்மா இது, என்கிட்ட போயி!" என்று மகள் பதறிப் பின்வாங்கினாள்.

நான் பர்ஸை மூடினேன். அம்மா நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"வரப்புல நிக்கிறவங்ககிட்டதான் கேப்போம். நீ இனிமே சேத்துல எறங்கப் போறதில்ல. சொல்லு, எங்களுக்கு என்ன தரப்போற?"