என்னைக் கேட்காத காரியதரிசி

மாட்டுக் கொழுப்பின் மணம்…

மழையில் ஊறாமல் இருக்க, ஆட்டத்துக்கு முன்னால் பந்தின் தோலில் அதைப் பூசுவோம். விரலிடுக்கில் தங்கிவிடும். இரவுச் சோற்றிலும் மணக்கும்.

வாவிக் காற்று அடிக்கும் மைதானம். வெறுங்காலோடு பதினொரு பேர். நான் வலப்பக்க ஓரத்தில் ஓடுகிறவன். ஓடுவேன். பந்து என்னிடம் வருவது குறைவு.

உங்களில் சிலருக்கு அந்த ஆட்டம் ஞாபகம் இருக்கும். யுத்தம் தொடங்குவதற்கு முன். அக்கரை அணியிடம் தோற்றோம். வெல்ல வேண்டிய ஆட்டம். எங்கள் கோல்கீப்பர் ராசு, கைக்குள் வந்த பந்தை நழுவவிட்டான். இரண்டு முறை.

சில வாரங்களில் ராசுவின் காலில் புதுச் சப்பாத்து ஏறியது. எங்கள் கழகத்தின் காரியதரிசி செல்லத்துரையின் கைக்குத் தோணித்துறைக் குத்தகை வந்தது. அதுவரை அதை வைத்திருந்தவர் அக்கரை அணியின் தலைவர், ஒரு தென்னந்தோட்ட முதலாளி.

பிறகு இஸ்மாயில் வாய் திறந்தான். எங்கள் முன்னணி ஆட்டக்காரன், காத்தான்குடிப் பொடியன். அன்று நாங்கள் போட்ட ஒரே கோல் அவனுடையது.

"தோக்கச் சொல்லிக் காரியதரிசி என்னயும் கேட்டவர். ஏலாதெண்டு சொல்லிட்டன்."

அவ்வளவுதான் சொன்னான். செல்லத்துரையும் மறுக்கவில்லை. பதவி போயிற்று. இஸ்மாயிலைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு முழுவதும் சுற்றினார்கள். நானும் கூட்டத்தில் நடந்தேன். அவனுடைய பாதம் என் காதருகே ஆடிக்கொண்டிருந்தது.

ஊர் இரண்டானது. செல்லத்துரையை விட்டுக்கொடுக்காதவர்கள் அவருடைய தோணியில் வாவியைக் கடந்தார்கள். மற்றவர்கள் மீன்காரர்களின் சின்னத் தோணிகளில் நனைந்து நனைந்து போனார்கள். துறையில் நின்றால் யார் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். நான் நனைந்த கட்சி.

ஒரு காலை, துறையில் இருவர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கணபதியார், வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்பவர். மற்றவர் சீலை வியாபாரி மீராசாகிபு.

"பந்து வாங்கினது ஆர்? அவர். பொடியனுகளுக்குச் சோறு போட்டது ஆர்? அவர். ஒருக்கா வித்தா என்னகா?" என்றார் கணபதியார்.

"அண்டைக்கு நான் கத்தின கத்தில ரெண்டு நாளா எனக்குச் சீல கூவி விக்கச் சத்தமில்ல. முதலே வித்த ஆட்டத்துக்கு என்ர தொண்டையக் கிழிச்சிருக்கன். அந்த நட்டத்த ஆர் தாற, அண்ணே?"

"நீ கத்தாட்டியும் அவங்க தோத்திருப்பாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு செல்லத்துரை யார் யாரைக் கேட்டிருப்பார் என்று பேச்சுத் திரும்பியது. ராசு, ஓம். இஸ்மாயில், ஓம். நடுவில் ஆடுகிற பெரியவன், அவனையும் கேட்டிருக்கத்தான் வேணும்.

அப்போது மீராசாகிபு என்னைக் கண்டார்.

"இந்தத் தம்பியும் அண்டைக்கு விளையாடினதுதானே?"

கணபதியார் திரும்பிப் பார்த்தார். "சும்மா இரும். இவனப் போய் ஏன் கேக்கப்போறார்?"

மீராசாகிபு சற்று யோசித்தார். "அதுவும் சரிதான்."

அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. எல்லோரும் பார்க்க, செல்லத்துரையின் தோணியில் போய் ஏறினேன்.

தோணியின் முன்முனையில், அணியத்தில், அவர் குடை பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார்.

"வாகா. நீயும் நம்மட பக்கமோ?"

"இல்ல. ஒண்டு கேக்க வேணும்."

"கேள்."

"ராசுவக் கேட்டீங்க. இஸ்மாயிலக் கேட்டீங்க. என்ன ஏன் கேக்கல்ல?"

தோணி ஆழத்துக்கு வந்துவிட்டது. சவள் துடுப்புப் போடுகிறவன் கையை நிறுத்தி எங்களைப் பார்த்தான்.

"கேட்டிருந்தா வாங்கியிருப்பியா?"

"மாட்டன்."

"அப்ப என்ன கவல?"

அவர் கேலி செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. கேலி செய்திருக்கலாம்.

"தம்பி, தோக்கிறெண்டா ஆர நிப்பாட்ட வேணுமெண்டு படுத்துக்கிடந்து யோசிச்சன். உன்ர பேர் ஞாபகத்துக்கு வரல்ல. கோவிக்காத, என்ன?"

அக்கரையில் இறங்கும்போது கூலியை நீட்டினேன். வேண்டாம் என்று கையசைத்துவிட்டார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது மட்டும்தான்.

பிறகு கொழும்பு. படிப்பு. புத்தகங்களில் குற்றத்தைப் பற்றியும் மனச்சாட்சியைப் பற்றியும் எவ்வளவோ வாசித்தேன். சோதிக்கப்படுவதற்கே தகுதியற்றவனைப் பற்றி எதிலும் இல்லை. அல்லது நான் வாசித்த பக்கங்களில் இல்லை.

ராசுவைப் பார்த்தும் எரிந்தேன். இஸ்மாயிலைப் பார்த்தும் எரிந்தேன். விற்றவனுக்கு ஒரு விலை இருந்தது. மறுத்தவனுக்கும் அதே விலை இருந்தது.

இப்போது ஓர் அரசாங்கக் கந்தோரில் காணி வேலை பார்க்கிறேன். போன கிழமை ஒருவர் வந்தார். வட்டை வயல்வெளியில் அவருடைய வயலுக்கு எல்லைத் தகராறு. மேசைக்குக் கீழே ஒரு தயிர்ச் சட்டியை மெல்லத் தள்ளினார்.

"ஐயா, கொஞ்சம் பாத்துச் செய்ய வேணும்."

சட்டியை அவர் பக்கமே தள்ளினேன். கோபம் என்று அவர் நினைத்திருப்பார்.

"எடுத்துக்கொண்டு போங்க," என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

பதறிப்போய் எடுத்துக்கொண்டு போனார். யார் பார்த்தார்கள் என்று நிமிர்ந்தேன். பக்கத்து மேசைக்காரர் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு கிழவி முத்திரை எங்கே வாங்குவது என்று யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தாள்.

இஸ்மாயிலுக்கு ஒரு கடைத்தெருவே இருந்தது.